சன்ஷேடுக்கு அடியில் குளவி: எடுப்பதா, விடுவதா?

குளவிக் கூடு கண்ணில் பட்டதும் நம் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்தில் பலரும் முதலில் தேடுவது நீளக் கம்பு, பழைய துணி, மண்ணெண்ணெய். இருட்டியதும் பந்தம் கொளுத்திக் காட்டினால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். ஓட்டு வீட்டின் மரச்சட்டத்தில் தீப் பற்றுவதும், பக்கத்தில் இருக்கும் ராகித்தாள் போரில் பொறி விழுவதும், ஏணியில் நிற்பவர் இரண்டு கொட்டு வாங்கியதும் பிடியை விட்டுக் கீழே விழுவதும் இந்த வேலையில்தான். இவ்வளவையும் செய்து எடுக்கும் கூட்டில் பாதியை எடுக்கவே தேவையில்லை. தேவைப்படும் மீதிப் பாதிக்கும் நெருப்பு வேண்டாம்.

கூடு எவ்வளவு பெரிது என்று பார்த்து முடிவெடுக்காதீர்கள். எந்த இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். மாமரக் கிளையில் பதினைந்து அடி உயரத்தில் இருக்கும் ஐம்பது குளவிகளால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது. கேட் தாழ்ப்பாளுக்குப் பின்னால் இருக்கும் ஐந்து குளவிகள்தான் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளையின் கையில் கொட்டும்.

எந்தக் குளவி என்று முதலில் தெரிய வேண்டும்

வீட்டைச் சுற்றிக் கூடு கட்டுகிற எல்லாவற்றையும் குளவி என்ற ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். ஆனால் ஒவ்வொன்றையும் கையாளும் விதம் வேறு.

சுவரில், ஜன்னல் மூலையில், ஸ்விட்ச் போர்டு ஓரத்தில் மண்ணைக் குழைத்துக் கட்டுவது மண்குளவி. அது தனி ஆள். கூட்டம் கிடையாது, கூட்டைக் காக்கப் பாய்ந்து வருவதும் கிடையாது. "கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்" என்று சொல்கிறோமே, அந்தக் குளவி இதுதான். உண்மையில் அது பச்சைப்புழுவையோ சிலந்தியையோ கொட்டி மயக்கி உள்ளே அடைத்து, கூடவே ஒரு முட்டையும் இட்டு மூடிவிடுகிறது. முட்டையிலிருந்து வரும் குஞ்சு அந்த இரையைத் தின்று வளர்ந்து வெளியே வருகிறது. மண்குளவி கூடு கட்டினால் வீட்டில் யாரோ முழுகாமல் இருக்கிறார்கள் என்று பெரியவர்கள் சொல்லி அதைக் கலைக்க விடமாட்டார்கள். விட்டுவைப்பதில் ஒரு நஷ்டமும் இல்லை. சுவர் கெடுகிறது என்று தோன்றினால் ஒரு தகட்டால் சுரண்டி எடுத்தால் போதும். மருந்து வேண்டவே வேண்டாம்.

இந்தப் பதிவு பேசப்போவது காகிதக் குளவியைப் பற்றி. பழைய மரக்கட்டை, காய்ந்த தண்டு, பழைய மூங்கில் இவற்றின் நாரைச் சுரண்டி, எச்சிலோடு மென்று சாம்பல் நிறக் காகிதமாக்கிக் கட்டும். கூட்டுக்கு மேலுறை இருக்காது. கவிழ்த்த குடை போலவோ நீண்ட தட்டு போலவோ ஒரு காம்பில் தொங்கும். அறுகோண அறைகள் திறந்தபடி கண்ணுக்குத் தெரியும். நம் பக்கத்து வீடுகளில் அதிகம் பார்ப்பது செம்பழுப்பு உடம்பும் வயிற்றில் மெல்லிய மஞ்சள் வளையமும் உள்ள வகை. நீளம் ஒரு சென்டிமீட்டரைச் சற்றுத் தாண்டும். இன்னும் பெரிதாய் மஞ்சளாய் இருக்கும் வகையும் உண்டு. பறக்கும்போது பின்னங்கால்கள் தொங்கிக்கொண்டே போகும். தேனீயிலிருந்து பிரித்தறிய இதுவே எளிய அடையாளம்.

மூன்றாவது கதண்டு. சில ஊர்களில் கடந்தை என்பார்கள். உருவத்தில் இரண்டு மடங்கு. கறுத்த உடம்பில் வயிற்றைச் சுற்றி அகலமான மஞ்சள் பட்டை. கூடு காகித உறை போர்த்திப் பானை மாதிரி மூடியிருக்கும், நுழைய ஒரே வாசல்தான் தெரியும். மரப்பொந்திலும் மண்ணுக்குள்ளும்கூட இருக்கும். இதில் வீட்டு வைத்தியம் எதுவும் செல்லாது. ஆட்களை விலக்கிவிட்டு 101 அல்லது 112-க்கு அழைத்துத் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள். நீர்த்தேக்கத் தொட்டியிலும் உயரமான மரத்திலும் முறம் போல ஒரே அடையாகத் தொங்கும் மலைத்தேனீக்கும் இதுவே வழி. அவை நூற்றுக்கணக்கில் துரத்தி வரும். கீழே நான் சொல்லும் எந்த முறையையும் இவை இரண்டின் மீதும் பரீட்சித்துப் பார்க்காதீர்கள்.

குளிர்நாட்டுக் குறிப்பு நம் ஊருக்குப் பொருந்தாது

இணையத்தில் கிடைக்கும் ஆலோசனைகள் பெரும்பாலும் பனி பொழியும் நாடுகளிலிருந்து வருபவை. "குளிர்காலம் வரட்டும், குளவிகள் தாமே செத்து, கூடு காலியாகிவிடும்" என்று அவற்றில் இருக்கும். அரூரிலோ காவேரிப்பட்டணத்திலோ அப்படிக் காத்திருந்தால் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். நம் செம்பழுப்புக் குளவி ஆண்டு முழுதும் எந்த மாதத்திலும் புதுக் கூடு தொடங்கும். நல்ல இடம் வாய்த்தால் ஒரே கூட்டைப் பல மாதம் தொடர்ந்து பெரிதாக்கும். ஓசூர், தளி பக்கம் மார்கழிக் குளிரில் காலை ஒன்பது மணி வரை சோம்பலாக இருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்தக் குளவியைப் பற்றி உலகத்துக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி நம் பக்கத்து ஊரிலிருந்து வந்தது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ராகவேந்திர கடக்கர் பல பத்தாண்டுகள் இதையே ஆராய்ந்தார். 'ரோப்பாலிடியா மார்ஜினேட்டா' என்பது அதன் அறிவியல் பெயர். அந்த ஆராய்ச்சியில் வீட்டுக்காரருக்கு நேரடியாக உதவும் இரண்டு செய்திகள் இருக்கின்றன.

ஒன்று, ராணி இறந்தால் கூடு அழிவதில்லை. ராணியை எடுத்துவிட்டால் சற்று நேரத்திலேயே கூட்டிலுள்ள ஒரு வேலைக்காரக் குளவி மற்றவற்றை அடக்கத் தொடங்குகிறது. ஒரு வாரத்துக்குள் அதுவே முட்டையிட ஆரம்பித்துவிடுகிறது. ஆகவே பெரிதாகத் தெரியும் ஒன்றிரண்டைச் செருப்பால் அடித்துக் கொன்றதால் எதுவும் நின்றுவிடாது.

இரண்டாவதுதான் மிக முக்கியம். முட்டை முழுக் குளவியாக வெளிவர ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகிறது. புதுக் கூட்டைத் தொடங்குவது ஒரு பெண் குளவி, சில நேரம் மூன்று நான்கு சேர்ந்து. அப்படியானால் கூடு தொடங்கிய முதல் சில வாரங்களில் அங்கே இருப்பது ஒன்றோ சிலவோ மட்டுமே. பத்து ரூபாய் நாணயம் அளவு கூட்டைப் பார்த்தும் "சின்னதுதானே" என்று விடுவதுதான் நாம் செய்யும் தவறு. எடுக்க வேண்டிய இடமாக இருந்தால் அப்போதே எடுத்துவிட வேண்டும். அந்தச் சமயத்தில் மருந்தும் வேண்டாம், இரவும் வேண்டாம். பகலில் குளவி இரை தேடிப் போயிருக்கும் நேரம் பார்த்து, மாங்காய் பறிக்கும் தொரட்டியால் கூட்டைத் தட்டிவிட்டு நகர்ந்துவிடலாம். திரும்பி வரும் குளவி ஒன்றிரண்டு நாள் அந்த இடத்தையே சுற்றிச் சுற்றித் தேடும். பிறகு போய்விடும், அல்லது பக்கத்திலேயே மறுபடி தொடங்கும். ஒரு வாரம் கண் வைத்திருந்தால் போதும்.

எதை விடலாம்

காகிதக் குளவி உங்களைத் தேடி வந்து கொட்டாது. கூட்டைக் காக்கத்தான் கொட்டும். கூட்டிலிருந்து ஆறேழு அடிக்குள் திடீர் அசைவோ, அதைவிட மோசமாக அதிர்வோ ஏற்பட்டால்தான் பாயும். கொட்டுவதற்கு முன் எச்சரிக்கையும் தரும். கூட்டின் மீது நின்று உங்கள் பக்கம் திரும்பி, இறக்கையை விரித்து உயர்த்தி, முன்னங்காலைத் தூக்கும். அதைக் கண்டால் கையை வீசாமல் மெதுவாகப் பின்வாங்குங்கள்.

ஆகவே ஆள் நடமாட்டம் இல்லாத பின்சுவர், பத்துப் பன்னிரண்டு அடிக்கு மேலுள்ள சன்ஷேடு, யாரும் ஏறாத மரம், வேலியோரப் புதர் இங்கெல்லாம் இருந்தால் விட்டுவிடுங்கள். காரணம் வெறும் இரக்கம் மட்டுமல்ல. குளவி தன் குஞ்சுகளுக்குக் கொடுப்பது மென்று உருட்டிய புழு. பாலக்கோடு, இராயக்கோட்டை பக்கம் தக்காளி வைத்திருப்பவர்களும், வீட்டுக்குப் பின்னால் நான்கு கத்தரி, அவரைப் பந்தல் வைத்திருப்பவர்களும், இலையை மேயும் புழுவை நாள் முழுக்கப் பொறுக்கிக்கொண்டு போகும் ஆட்களைச் சம்பளம் இல்லாமல் வைத்திருக்கிறார்கள். காய்க்குள் போய்விட்ட புழுவை அவற்றால் எடுக்க முடியாது. வெளியே மேய்வதுதான் அவற்றின் பங்கு.

எடுக்க வேண்டியவை: வாசற்படிக்கு மேல், கேட்டின் குழாய்க்குள், கழிப்பறை வென்டிலேட்டரில், துணி காயப்போடும் கம்பிக்கு அருகில், மாட்டுக் கொட்டகையில் மாட்டின் தலை படும் உயரத்தில், மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள், நிறுத்திவைத்த டிராக்டர் பானெட்டுக்கு அடியில், பள்ளி அங்கன்வாடிக் கட்டடத்தில் எங்கிருந்தாலும். வீட்டில் யாருக்காவது முன்பு குளவியோ தேனீயோ கொட்டி மூச்சுத்திணறல், மயக்கம் வந்திருந்தால் வீட்டை ஒட்டிய எந்தக் கூட்டையும் விடக்கூடாது. அந்த ஆள் எடுக்கும் வேலையில் பக்கத்திலும் நிற்கக்கூடாது.

சோப்புத் தண்ணீர் முறை

இருபது குளவி வரை உள்ள, கீழே நின்றபடியே எட்டக்கூடிய கூட்டுக்கு நான் சொல்வது சோப்புத் தண்ணீர். பூச்சியின் உடம்பில் மெழுகுப் பூச்சு இருப்பதால் வெறும் தண்ணீர் வழிந்தோடிவிடும். சோப்புக் கலந்த நீர் ஒட்டிப் பரவி, வயிற்றுப் பக்கவாட்டில் இருக்கும் சுவாசத் துளைகளுக்குள் புகுந்து அடைக்கிறது. நன்றாக நனைந்த குளவியால் பறக்க முடியாது, சில நிமிடத்தில் இறந்துவிடும். அரைகுறையாக நனைந்தால் பலன் இல்லை. இந்த முறை தோற்கும் இடமே அதுதான்.

ஒரு லிட்டர் தண்ணீருக்குப் பாத்திரம் கழுவும் லிக்விட் 50 மில்லி. நம் மாவட்டங்களில் பல இடங்களில் போர் தண்ணீர் கடினமானது. அதில் குளியல் சோப்பைக் கரைத்தால் திரிந்துபோய்த் திப்பித்திப்பியாக மிதக்கும், ஸ்பிரேயர் முனையை அடைத்துவிடும். துணி சோப்புத் தூளும் அடியில் தங்கி அடைக்கும். லிக்விட்டையே எடுங்கள். ஒகேனக்கல் குடிநீரோ பிடித்து வைத்த மழைநீரோ இருந்தால் அதில் கலக்குங்கள். நுரை வராமல் மெதுவாகக் கலக்க வேண்டும்.

அடிக்க, நர்சரிக் கடைகளில் கிடைக்கும் இரண்டு லிட்டர் கைப் பம்ப் பிரஷர் ஸ்பிரேயர் போதும். முனையைத் திருகிப் பனித்தூறலாக வராமல் ஒற்றைத் தாரையாக வரும்படி வையுங்கள். எட்டு அடி தூரம் போகிறதா என்று முதல் நாளே வேறொரு சுவரில் அடித்துப் பாருங்கள். எட்டவில்லை என்றால் அந்தக் கூடு உங்கள் வேலை அல்ல. ஏணி போட்டு எட்டவைக்க வேண்டாம். களைக்கொல்லியும் பூச்சிமருந்தும் அடித்த முதுகுத் தெளிப்பானையும் எடுக்காதீர்கள்.

நேரம்: பொழுது சாய்ந்து அரை மணி நேரம் கழித்து. பகலில் பாதிக் குளவிகள் வெளியே இருக்கும். நீங்கள் அடித்து முடித்த பிறகு அவை வரிசையாகத் திரும்பி வந்து, கூடு இல்லாத இடத்தில் கொத்தாக உட்கார்ந்து இரண்டு மூன்று நாள் தொல்லை தரும். இருட்டினால் எல்லாம் கூட்டில்தான் இருக்கும், பறக்கவும் தயங்கும்.

வாசல் விளக்கையும் பக்கத்து ஜன்னல் விளக்கையும் அணைத்துவிடுங்கள். டார்ச்சைக் கையில் பிடிக்கக்கூடாது. கிளம்புகிற குளவி வெளிச்சத்தை நோக்கித்தான் வரும். டார்ச்சின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாகக் கட்டி, உங்களிடமிருந்து ஆறடி தள்ளித் தரையில் வைத்துக் கூட்டை நோக்கித் திருப்புங்கள். சிவப்பு வெளிச்சம் குளவியின் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது.

உடுப்பு: முழுக்கைச் சட்டையின் மேல் ரெயின்கோட், பேண்ட் காலைச் சாக்ஸுக்குள் செருகி ஷூ, பைக் ஹெல்மெட்டில் கண்ணாடியை இறக்கிக் கழுத்தைச் சுற்றித் துண்டு, தடித்த கையுறை. லுங்கியோடும் செருப்போடும் போகவே கூடாது.

நிற்கும் இடம் கூட்டுக்கு நேர் கீழே இருக்கக்கூடாது. நனைந்த குளவிகள் அங்கேதான் விழும். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீச, சற்றுச் சாய்வாக நின்று அடியுங்கள். பின்னால் ஓடும் வழியில் வாளி, கட்டில், நாய்ச் சங்கிலி எதுவும் கிடக்கக்கூடாது. முதல் பத்து விநாடி நிறுத்தாமல் கூட்டின் முகத்தில் அடிக்க வேண்டும். பிறகு கூட்டின் முதுகுப் பக்கமும் காம்பும் நனைய வேண்டும். இரவில் பல குளவிகள் முதுகுப் பக்கத்தில்தான் ஒட்டியிருக்கும். முன்பக்கம் மட்டும் நனைத்துவிட்டு நிறுத்துவது வழக்கமாக நடக்கும் பிழை. அரை லிட்டருக்குக் குறையாமல் செலவாகட்டும். முடிந்ததும் நின்று வேடிக்கை பார்க்காமல் உள்ளே போய்க் கதவைச் சாத்துங்கள்.

மறுநாள் காலை தூரத்திலிருந்து பாருங்கள். உயிரோடு ஒன்றிரண்டு இருந்தால் அன்று மாலை மறுபடி ஒரு முறை. ஒன்றும் இல்லை என்று உறுதியானதும் கூட்டைத் தட்டி எடுத்துவிட வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வெள்ளை மூடி போட்ட அறைகளுக்குள் இருக்கும் கூட்டுப்புழுவை எந்தத் தெளிப்பும் முழுதாகத் தொடாது, அடுத்த வாரங்களில் அவை குளவியாக வெளிவரும். எடுத்த கூட்டைச் சோப்புத் தண்ணீர் வாளியில் அமுக்கி ஒரு மணி நேரம் வைத்துப் பிறகு புதைத்துவிடுங்கள். தரையில் செத்துக் கிடப்பதைத் துடைப்பத்தால் கூட்டுங்கள், வெறுங்காலோடு மிதிக்காதீர்கள். செத்த குளவியின் கொடுக்கும் சற்று நேரம் குத்தும்.

கடையில் கிடைக்கும் பறக்கும் பூச்சி ஏரோசாலும் வேலை செய்யும். ஆனால் அதன் வீச்சு மூன்று நான்கு அடிதான். அவ்வளவு பக்கத்தில் போக வேண்டியிருப்பதே அதன் குறை. உள்ளே இருக்கும் வாயு எளிதில் தீப்பிடிக்கும், அடுப்போ விளக்கோ எரியும் இடத்தில் அடிக்கக்கூடாது. மீன்தொட்டி, தண்ணீர்த் தொட்டி, மாட்டுத் தீவனத்தை மூடிவிட்டுத்தான் அடிக்க வேண்டும். வயலுக்கு வாங்கிய மருந்தை வீட்டு வாசலில் அடிப்பது கூடவே கூடாது. பிள்ளைகள் கை வைக்கும் சுவரிலும் தரையிலும் அது தங்கிவிடும். பெட்ரோல் ஊற்றுவது தீ ஆபத்து. ஹோஸ் பைப்பால் தண்ணீர் பீய்ச்சுவது, கல்லெறிவது இரண்டுமே அதிர்வை மட்டும் கொடுத்துக் குளவியைக் கிளப்பிவிடும் வழிகள். கூட்டுக்கு அருகில் ஒரு குளவியை நசுக்குவதும் அப்படித்தான். விஷத்தின் வாடையே மற்றவற்றுக்கு எச்சரிக்கை.

ஸ்டார்ட்டர் பெட்டியும் பட்டுப்புழு மனையும்

இந்த இரண்டு இடங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும், பொதுவான முறை இங்கே கேடாக முடியும்.

மோட்டார் ரூமில் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்ததும் முகத்தில் கொட்டு வாங்குவது நம் தோட்டங்களில் சாதாரணம். அங்கே சோப்புத் தண்ணீர் அடித்தால் மின்சாரம் பாயும். ஏரோசாலும் ஆகாது, உள்ளே பொறி பறந்தால் தீதான். மெயின் ஸ்விட்சை அணைத்து, ஃபியூஸ் கேரியரையும் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்ட பிறகே பெட்டிப் பக்கம் போக வேண்டும். இருட்டிய பின் காய்ந்த நீள மூங்கிலால் கதவைத் திறந்து, கூட்டைக் கீழே தள்ளிவிட்டு விலகுங்கள். தரையில் விழுந்ததும் அங்கே, பெட்டியில் படாமல், சோப்புத் தண்ணீர் அடிக்கலாம். ரெயின்கோட்டும் ஹெல்மெட்டும் இந்த வேலைக்குக் கட்டாயம். மின்வாரிய மீட்டர் பெட்டி, மின்கம்பம், டிரான்ஸ்பார்மரில் இருந்தால் நீங்கள் தொடாமல் லைன்மேனிடம் சொல்லுங்கள்.

பட்டுப்புழு வளர்ப்பவர்கள் நம் இரண்டு மாவட்டங்களிலும் நிறைய. வளர்ப்பு மனைக்கோ மல்பெரித் தோட்டத்துக்கோ பக்கத்தில் எந்தப் பூச்சி ஏரோசாலும் அடிக்காதீர்கள். குளவியைக் கொல்லும் பைரித்ராய்டு மருந்து பட்டுப்புழுவுக்கு மிகக் கொடியது. காற்றில் வந்த சிறு தூறல் மல்பெரி இலையில் படிந்தாலே தட்டுத் தட்டாகப் புழு சாகும். பக்கத்து வீட்டில் அடிப்பவரும் இதை நினைவில் வைக்க வேண்டும். மனையின் சன்னலுக்கு, பட்டுப்புழுவைத் தாக்கும் ஊசி ஈ வராமல் போட்டிருக்கும் நைலான் வலையே குளவியையும் தடுக்கும். கிழிசலைத் தைப்பதும், கதவோரச் சந்தை அடைப்பதும்தான் அங்கே செய்ய வேண்டியது. மனையின் வெளிச்சுவரில் கூடு இருந்தால் சோப்புத் தண்ணீர் மட்டும், அதுவும் தழை கொண்டுவரும் நேரம் தவிர்த்து.

கொட்டிவிட்டால்

குளவியின் கொடுக்கில் தேனீயுடையதைப் போலப் பெரிய கொக்கி முள் இருக்காது. தோலில் அது சிக்குவதில்லை, ஒரே குளவி பலமுறை கொட்ட முடியும். ஆகவே முதலில் அந்த இடத்தை விட்டு முகத்தை மூடிக்கொண்டு இருபது முப்பது அடி விலக வேண்டும். தோலில் கொடுக்கு ஒட்டியிருந்தால் கொட்டியது தேனீ. உடனே நகத்தால் வழித்து எடுங்கள்.

கையில் கொட்டினால் மோதிரம், வளையலை வீங்கும் முன்பே கழற்றுங்கள். சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸை பத்துப் பதினைந்து நிமிடம் ஒற்றி எடுங்கள். வலிக்குப் பாராசிட்டமால், அரிப்புக்கும் தடிப்புக்கும் பெரியவர்களுக்கு செட்ரிசின் 10 மி.கி. ஒன்று. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மருத்துவரைக் கேட்டே கொடுக்க வேண்டும். வீக்கம் இரண்டாம் நாள் முதல் நாளைவிட அதிகமாகத் தெரியலாம், அது மட்டுமே என்றால் பயப்பட வேண்டாம்.

சுண்ணாம்பு தடவும் பழக்கம் இன்னும் இருக்கிறது. ஏற்கனவே வீங்கிய தோலை அது வெந்துபோகச் செய்யும். இரும்பைத் தேய்ப்பதால் கெடுதல் இல்லை, பலனும் இல்லை. ஆபத்தான ஆளுக்கு இதிலெல்லாம் கழியும் பத்து நிமிடம்தான் பெரிய இழப்பு.

ஆபத்தான ஆளை இப்படி அறியலாம்: கொட்டிய இடம் தவிர உடம்பெங்கும் தடிப்பு, உதடு நாக்கு வீக்கம், குரல் கம்முதல், மூச்சில் இழுப்பு, வாந்தி, தலைசுற்றல், கண் இருட்டுதல். இவற்றில் எது வந்தாலும் 108. சில நிமிடங்களிலிருந்து அரை மணிக்குள் பெரும்பாலும் தெரிந்துவிடும். அதற்கு மருந்து அட்ரினலின் ஊசி, தொடைச் சதையில். செட்ரிசின் அதற்கு ஈடாகாது. வண்டி வரும்வரை ஆளைப் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள், மூச்சுத்திணறல் இருந்தால் உட்காரவையுங்கள். நடக்கவைத்துக் கூட்டிப்போகாதீர்கள். வாய்க்குள்ளோ தொண்டையிலோ கொட்டினாலும், பெரியவருக்கு இருபது, குழந்தைக்குப் பத்துக் கொட்டுக்கு மேல் போனாலும், ஆள் நன்றாக இருப்பதாகத் தெரிந்தாலும் மருத்துவமனையில் காட்ட வேண்டும். கதண்டு என்றால் இந்த எண்ணிக்கையையும் எண்ண வேண்டாம். அடுத்த இரண்டு நாளில் சிறுநீர் குறைந்தாலோ டீ நிறத்தில் போனாலோ அது சிறுநீரகம் பாதிக்கப்பட்டதன் அறிகுறி.

திரும்பி வராமல் இருக்க

கூட்டின் காம்பைக் கவனித்தால் கறுப்பாக மினுமினுக்கும். எறும்பு ஏறாமல் இருக்கக் குளவி தன் வயிற்றுச் சுரப்பைப் பூசிவைக்கும் இடம் அது. கூட்டை எடுத்த பிறகும் அந்த அடிக்கட்டை ஒட்டியிருக்கும். பட்டி பார்க்கும் தகட்டால் சுரண்டி, சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி, காய்ந்ததும் சுண்ணாம்போ பெயின்ட்டோ ஒரு கை அடித்துவிடுங்கள். இதனால் வரவே வராது என்று உறுதி சொல்ல முடியாது. காற்றும் மழையும் படாத, மேலே கூரை உள்ள மூலை என்றால் மற்றொரு குளவிக்கும் அது பிடிக்கும்.

உறுதியான வழி ஓட்டையை அடைப்பதுதான். கேட்டிலும் கிரில்லிலும் திறந்திருக்கும் சதுரக் குழாய்களுக்கு ஹார்டுவேர் கடையில் பிளாஸ்டிக் மூடி கிடைக்கும், குழாயின் அளவை அளந்துகொண்டு போங்கள். அடைக்கும் முன் உள்ளே கூடு இல்லை என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வென்டிலேட்டருக்கும் எக்ஸாஸ்ட் ஓட்டைக்கும் கம்பிக் கொசுவலை. ஸ்டார்ட்டர் பெட்டியில் ஒயர் நுழையும் துளையைச் சுற்றி எம்-சீல், காற்றுத் துளைகளுக்கு உட்புறம் வலை. சிமென்ட் சீட்டின் வளைவும் சுவரும் சேரும் இடத்தில் கலவை வைத்து அடையுங்கள்.

பிறகு வாரம் ஒருமுறை பத்து நிமிடம் வீட்டைச் சுற்றி வாருங்கள். ஒரு வாரத்தில் நாணயம் அளவைத் தாண்டிக் கூடு வளராது. பல நாள் பூட்டியிருந்த அறை, ஓடாமல் நின்ற டிராக்டர், களத்தில் மூடிவைத்த தார்ப்பாய் இவற்றைத் தொடும் முன் கம்பால் ஒருமுறை தட்டிவிட்டு விலகி நின்று பாருங்கள். மாசியில் புளி உலுக்க வரும் ஆட்களுக்கும், சித்திரை வைகாசியில் மாங்காய் பறிக்க வரும் ஆட்களுக்கும் மரத்தைக் காட்டும் முன் நீங்களே கீழிருந்து ஒவ்வொரு மரத்தையும் பார்த்து, கூடு இருக்கும் மரத்தின் அடியில் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டிவிடுங்கள். அந்த மரத்தைக் கடைசியாக, கூடு இருக்கும் கிளையை விட்டுவிட்டுப் பறிக்கலாம்.